நிரல் தேய்வதில்லை, ஆனாலும் அதைக் காக்க ஆள் வேண்டும்

2023 மார்ச் மாதக் கடைசியில் லெபனான் நாட்டில் சில நாட்களுக்கு இரண்டு நேரங்கள் நடைமுறையில் இருந்தன. கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் வழக்கத்தை அந்த ஆண்டு ஏறத்தாழ ஒரு மாதம் தள்ளிப்போடுவதாக அரசு திடீரென அறிவித்தது. கடிகாரம் மாறவேண்டிய இரவுக்கு இரண்டு மூன்று நாட்களே மிச்சம் இருந்தன. சிலர் அரசு சொன்ன நேரத்தைப் பின்பற்றினார்கள், சிலர் வழக்கமான நேரப்படியே கடிகாரத்தை மாற்றிக்கொண்டார்கள். எதிர்ப்பு வலுக்கவே அரசு பின்வாங்கியது.

இப்படியொரு குழப்பம் நடக்கும்போது உலகெங்கும் உள்ள கைப்பேசிகளுக்கும் சர்வர்களுக்கும் லெபனானில் இப்போது மணி என்ன என்று சொல்வது யார்? நேர மண்டலத் தரவுத்தளம் என்ற ஒன்று இருக்கிறது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஆப்பிள் சாதனங்கள், ஜாவா எல்லாமே அதைத்தான் நம்பியிருக்கின்றன. லெபனானின் தள்ளிவைப்பைச் சேர்த்து '2023பி' என்ற பதிப்பு மார்ச் 23-இல் வெளிவந்தது. அதைத் திரும்பப் பெறும் '2023சி' மார்ச் 28-இல் வந்தது. அந்த ஐந்து நாட்களில் எந்த நேரத்தைச் சரியென்று எழுதுவது என்பதைப் பற்றி விவாதித்தது ஒரு சிறு தன்னார்வலர் குழு.

அந்தத் தரவுத்தளத்தை 1986 வாக்கில் தொடங்கியவர் ஆர்தர் டேவிட் ஓல்சன். 2005 முதல் அதன் பொறுப்பைச் சுமப்பவர் பால் எக்கர்ட். இடையில் 2011-இல் ஜோதிட மென்பொருள் விற்கும் நிறுவனம் ஒன்று, பழைய நேர விவரங்கள் தன் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்று இவர்கள் இருவர் மீதும் வழக்குத் தொடுத்தது. அக்டோபர் முதல் வாரத்தில் தரவுத்தளம் இருந்த சர்வரையே மூட வேண்டியதாயிற்று. ஒரு வாரம் போல் கழிந்ததும் இணையத்தின் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு அதைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. வழக்கு மறு ஆண்டு பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அதே 2011-இன் முடிவில் சமோவா நாடு தேதிக்கோட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவி டிசம்பர் 30-ஆம் தேதியையே நாட்காட்டியிலிருந்து நீக்கியது. அதையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தக் கோப்பில் எழுதத்தான் வேண்டியிருந்தது.

மூலநிரலை யாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய திறமூல மென்பொருளில் இருபது, முப்பது ஆண்டுகள் பணியாற்றியவர்கள் என்றதும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். அந்த முப்பது ஆண்டுகளில் கண்டுபிடிப்புக்குச் செலவானது பெரும்பாலும் சில மாதங்கள் அல்லது சில ஆண்டுகள். மீதி முழுவதும் மேலே சொன்னது போன்ற வேலை. இந்தத் துறையின் நீண்ட பணிவாழ்வைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. மென்பொருளுக்குத் தேய்மானம் கிடையாது. துரு ஏறாது, பல்சக்கரம் மழுங்காது. பிறகு ஏன் அதைப் பராமரிக்க வேண்டும்? 1970களில் ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 இயங்குதளம் பதிப்புக்குப் பதிப்பு எப்படி வளர்ந்தது என்பதை ஆராய்ந்த மெயர் லேமன் இதற்கு விடை சொன்னார். நிஜ உலகில் பயன்படும் நிரல் தொடர்ந்து மாற்றப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் பயன் படிப்படியாகக் குறையும் என்பது அவர் வகுத்த முதல் விதி. மாற்ற மாற்ற அதன் சிக்கல் கூடும், அதைக் குறைக்கவென்றே தனியாக உழைத்தால் ஒழிய, என்பது இரண்டாவது. நிரலில் ஒரு எழுத்துகூட மாறாமல் இருக்கலாம். அதைச் சுற்றியுள்ள உலகம் நிற்பதில்லை. புதிய செயலிகள் வருகின்றன, பழைய குறியாக்கம் உடைக்கப்படுகிறது, அரசுகள் கடிகாரத்தை மாற்றுகின்றன. அசையாமல் நிற்கும் நிரல் பின்தங்கிப்போகிறது.

இந்த இரண்டாவது விதிதான் பராமரிப்பாளரின் அன்றாடம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அவர் நாள் முழுவதும் நிரல் எழுதுவதாக நினைக்கிறார்கள். அவர் பெரும்பாலும் படிக்கிறார். பிறர் அனுப்பும் திருத்தங்களைப் படிக்கிறார், நிரலில் உள்ள பிழைகளைச் சொல்லும் வழு அறிக்கைகளைப் படிக்கிறார், பத்து ஆண்டுகளுக்கு முன் தானே எழுதியதை அந்நியர் எழுதியது போல மறுபடி படிக்கிறார். பிறகு, வேண்டாம் என்று சொல்கிறார். நல்ல எண்ணத்தோடு ஒருவர் உழைத்து அனுப்பிய புதிய வசதியை மறுப்பது எளிதான செயல் இல்லை. ஆனால் அனுப்பியவர் அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போய்விடுவார். அந்த வசதியைப் பதினைந்து ஆண்டுகள் சுமக்கப் போகிறவர் மறுப்பவர்தான். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை 2000-இல் தொடங்கிய ரிச்சர்ட் ஹிப் இதில் கடுமையான வழியைத் தேர்ந்தெடுத்தார். மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உரிமமே தேவையில்லை, அது பொதுச்சொத்து. வெளியார் எழுதிய நிரலை மட்டும் பொதுவாக ஏற்பதில்லை. 2050 வரை இதற்கு ஆதரவு தருவோம் என்று அந்தக் குழு எழுதி வைத்திருக்கிறது. அப்படியொரு உறுதியைக் கொடுக்கத் துணிபவர்கள் உள்ளே எதை அனுமதிக்கிறோம் என்பதில் கண்டிப்பாக இருந்துதான் ஆக வேண்டும்.

காலம் தரும் இன்னொன்று நினைவு. எந்தப் பழைய நிரலிலும் பார்த்தால் தேவையில்லாதது போலத் தோன்றும் வரிகள் இருக்கும். அவற்றுள் பல, என்றோ எங்கோ ஏற்பட்ட விபத்தின் தழும்புகள். ஏதோ ஒரு கருவி ஏதோ ஒரு சூழலில் தவறான பதில் அனுப்பியது, அதற்காக ஒரு சோதனை வரி சேர்ந்தது. புதிதாக வந்தவர் அதை நீக்கினால் நிரல் அழகாகும், ஆறு மாதம் கழித்து அதே விபத்து திரும்ப நடக்கும். டேனியல் ஸ்டென்பெர்க் கர்ல் என்ற கருவியை அந்தப் பெயரில் வெளியிட்டது 1998 மார்ச்சில். இணையத்திலிருந்து தரவை எடுக்கவும் அனுப்பவும் பயன்படும் அது இன்று ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட இடங்களில் நிறுவப்பட்டிருக்கும் என்பது அவருடைய மதிப்பீடு. கார்கள், தொலைக்காட்சிகள், வீடியோ கேம் கருவிகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதன் தழும்புகள் ஒவ்வொன்றின் வரலாற்றையும் அறிந்த ஒருவர் இருப்பது அந்தக் கருவியின் பாதுகாப்பில் ஒரு பகுதி. எந்த ஆவணத்தாலும் அதை முழுதாக ஈடுசெய்ய முடியாது.

திறமூலத்தில் ஒரே வேலையை இத்தனை காலம் செய்ய முடிவதற்கு உரிமமே காரணம். மூடிய மென்பொருளில் ஒரு பொறியாளர் பத்து ஆண்டு உழைத்துவிட்டு வேலையை விட்டால், அந்தப் பத்து ஆண்டும் நிறுவனத்தின் கதவுக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. தான் எழுதியதைத் திரும்பப் பார்க்கும் உரிமைகூட அவருக்கு இல்லை. எவரும் பயன்படுத்தி மாற்றக்கூடிய இயங்குதளத்துக்கான குனூ திட்டத்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்ததும், 1989-இல் அதன் பொதுமக்கள் உரிமம் வந்ததும், 1998-இல் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயர் பிறந்ததும் பெரும்பாலும் பயனரின் உரிமை என்ற கோணத்திலோ, நிறுவனங்களின் வசதி என்ற கோணத்திலோ சொல்லப்படும் கதை. எழுதியவருக்குக் கிடைத்த விடுதலையைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை. பைத்தான் நிரல்மொழியைப் பாருங்கள். கைடோ வான் ரோசம் அதை 1989 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆய்வு மையத்தில் இருந்தபோது தொடங்கினார். பிறகு அமெரிக்காவுக்குப் போனார், சிறு நிறுவனங்களில் இருந்தார், 2005-இலிருந்து கூகுளில், 2013-இலிருந்து டிராப்பாக்ஸில், ஓய்வுபெற்ற பின் 2020-இல் மைக்ரோசாஃப்டில். சம்பளம் கொடுத்தவர்கள் மாறினார்கள், பைத்தான் அவரோடு வந்தது. ஒவ்வொரு முடிவும் அதற்கான வாதமும் பொதுவில் பதிவாகி இருக்கின்றன. யாரும் சான்றிதழ் எழுதித் தரத் தேவையில்லாத பணிவரலாறு அது.

ஆனால் அதே உரிமம் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. விலையின்றி நகலெடுக்கலாம் என்பது உண்மை. நகலைப் பயன்படுத்துவோர் கோடிக்கணக்கில் பெருகும்போது காப்பவரின் நேரம் மட்டும் நாளுக்கு இருபத்துநான்கு மணிதான். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை அம்பலமானபோது உலகம் இதைக் கண்கூடாகப் பார்த்தது. இணைய வர்த்தகத்தின் பூட்டாக இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரல்தொகுப்பில், 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலிருந்து அந்தத் தவறு இருந்தது. இரண்டு ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர் என்ற செய்தி அப்போதுதான் வெளியே வந்தது. அதை நம்பித் தொழில் நடத்திய நிறுவனங்களின் வருமானத்துக்குப் பக்கத்தில் அந்தத் தொகையை வைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வெர்னர் காக் கதையும் இதற்கு நெருக்கமானது. 1997-இலிருந்து மின்னஞ்சல் குறியாக்கத்துக்கான குனூபிஜி மென்பொருளைப் பெரும்பாலும் தனியாளாகக் காத்துவந்த அவர், பணமின்றித் தடுமாறுவது 2015 பிப்ரவரியில் பத்திரிகையில் வெளியானது. அதன் பிறகே நன்கொடைகள் குவிந்தன. பதினேழு ஆண்டு உழைப்புக்குக் கிடைக்காதது ஒரு கட்டுரைக்குக் கிடைத்தது.

இந்தச் சுமை ஆளைத் தேய்க்கிறது. நிரல் தேயாது, மனிதர் தேய்வார். அந்தத் தேய்மானத்தையே ஆயுதமாகப் பயன்படுத்திய சம்பவம்தான் எக்ஸ்இசட்.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி. பெரும்பாலான லினக்ஸ் தொகுப்புகளில் இருக்கும். பல ஆண்டுகளாக அதைப் பார்த்துக்கொண்டவர் ஒரே ஒருவர், ஓய்வு நேரத்தில், ஊதியமின்றி. 2021-இலிருந்து ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் அங்கே உதவ வந்தார். சிறு திருத்தங்கள், பொறுமையான பதில்கள், எல்லாம் ஒழுங்காக இருந்தன. 2022-இல் வேறு சில பெயர்களிலிருந்து புகார் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. திருத்தங்கள் தேங்குகின்றன, உங்களுக்கு ஆர்வம் போய்விட்டது, வேறு ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்ற தொனியில் அவை இருந்தன. மனநலச் சிக்கல்களால் தன்னால் முன்போல் ஈடுபட முடியவில்லை என்றும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதை நினைவில் வைக்கும்படியும் அவர் பதில் எழுதினார். அவர் கேட்டது ஒரு சாதாரண மனிதக் கரிசனம். அந்தப் புகார் எழுதியவர்கள் உண்மையான பயனர்களே இல்லை, இதற்காகவே உருவாக்கப்பட்ட போலிப் பெயர்கள் என்றுதான் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். மெல்ல மெல்ல வெளியீட்டு உரிமை ஜியா டானிடம் போனது. 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழிவிடும் கள்ளக்கதவு ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருந்தது.

அதைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நீண்டகால உருவாக்குநர், மைக்ரோசாஃப்டில் வேலை செய்பவர். வேகச் சோதனைக்காகத் தன் கணினியில் வேறு நிரல்கள் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்ள முயன்றபோது, தொலை உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக எடுத்துக்கொள்வதைக் கவனித்தார். பெரும்பாலோர் அரை நொடியை விட்டுவிடுவார்கள். அவர் நூலைப் பிடித்துக்கொண்டு போய் மார்ச் 29 அன்று உண்மையை உலகுக்கு அறிவித்தார். பொதுப் பயன்பாட்டுக்கான நிலையான லினக்ஸ் பதிப்புகளில் பெரும்பாலானவற்றை அந்தக் கள்ளக்கதவு எட்டுவதற்கு முன்பே அது அடைக்கப்பட்டது. இந்தச் சம்பவத்தில் ஒருபக்கம் ஒருவரின் களைப்பை ஆண்டுக்கணக்கில் காத்திருந்து சுரண்டியிருக்கிறார்கள். மறுபக்கம், ஆண்டுக்கணக்கில் அளந்து அளந்து பழகிய கண் அதைக் காட்டிக்கொடுத்தது. இரண்டுமே நீண்ட காலத்தின் விளைவுகள்.

எக்ஸ்இசட் எழுப்பிய கேள்வி பொறுப்பை எப்படிக் கைமாற்றுவது என்பது. பதில்கள் பலவிதம். கிட் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது 2005 ஏப்ரலில். லினக்ஸ் கருநிரலின் மாற்றங்களைக் கண்காணிக்க அதுவரை இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளின் அனுமதி ரத்தானதால் அவசரமாகப் பிறந்தது அது. ஜூலையிலேயே அதை ஜூனியோ ஹமானோ கையில் கொடுத்துவிட்டார். ஹமானோ இருபது ஆண்டுகள் அதை வளர்த்தெடுத்தார். கிட் என்றால் டோர்வால்ட்ஸ் பெயரைச் சொல்கிறோம், ஹமானோ பெயரை அறிந்தவர்கள் குறைவு. சரியான ஆளை அடையாளம் கண்டு முழுதாக விலகிக்கொண்டதை டோர்வால்ட்ஸின் பெரிய சாதனைகளில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

வான் ரோசம் விலகியது வேறு விதம். ஒரு சிறிய இலக்கண வசதியைப் பற்றிய விவாதம் கசந்துபோன பின், 2018 ஜூலையில் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து இறங்கினார். வாரிசை நியமிக்க மாட்டேன், நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். ஆறு மாதத்துக்கும் மேல் விவாதித்து, பல ஆட்சிமுறைகளை எழுதி ஒப்பிட்டு, வாக்களித்து, 2019 தொடக்கத்தில் ஐவர் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். உயிரோடும் நலத்தோடும் இருக்கும்போதே இறங்கியதால் அந்த முதல் குழுவில் அவரும் ஒருவராக இருந்து வழிகாட்ட முடிந்தது.

எல்லோருக்கும் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. விம் என்ற உரைத்தொகுப்பியை பிராம் மூலெனார் முதலில் வெளியிட்டது 1991-இல். பயன்படுத்துவோர் விருப்பமிருந்தால் உகாண்டா நாட்டுக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்பது அவர் வைத்த வேண்டுகோள். முப்பத்திரண்டு ஆண்டுகள் அதை வழிநடத்தி, 2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி 62 வயதில் காலமானார். அதுவரை பெரும்பாலான மாற்றங்கள் அவர் கை வழியாகத்தான் உள்ளே போயின. நெடுநாள் உடனுழைத்த கிறிஸ்டியன் பிரபான்ட்டும் மற்றவர்களும் பொறுப்பேற்றார்கள். 2024 ஜனவரியில் வந்த 9.1 பதிப்பு மூலெனாருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. விம் நின்றுவிடவில்லை. சாவிகளும் கடவுச்சொற்களும் இல்லாமல் நின்றுபோன சிறு திட்டங்கள் எத்தனையோ உண்டு, அவற்றின் பயனர்களுக்குக் காரணம்கூடத் தெரிவதில்லை.

இப்போது புதிதாக ஒரு சுமை சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிய வழு அறிக்கைகள் கர்ல் திட்டத்துக்கு வந்து குவிவதை ஸ்டென்பெர்க் 2024 முதல் வெளிப்படையாகச் சொல்லி வருகிறார். பார்வைக்குத் தேர்ந்த அறிக்கை போலவே இருக்கும், குறிப்பிடும் ஓட்டை இருக்காது. எழுதுவதற்கு ஒரு நிமிடம், பொய்யென்று நிறுவ அரை நாள். பராமரிப்பாளருக்கு உதவுகிறோம் என்ற எண்ணத்தில் அனுப்புகிறவர்கள், தாங்கள் எடுத்துக்கொள்வது அவருடைய மிக அரிய பொருளை என்பதை உணர வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஏன் நீடிக்கிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் இருக்கும். எனக்கு நினைவுக்கு வருபவர் பிரையன் கெர்னிகன். 1977-இல் இருவரோடு சேர்ந்து ஆக் என்ற சிறு நிரல்மொழியை உருவாக்கினார். மூவர் பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். அது பிறந்தபோது யூனிகோடு கிடையாது. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை ஒழுங்காகக் கையாள அதற்குத் தெரியாது. 2022-இல், தம் 80-ஆவது வயதில், கெர்னிகன் அந்தப் பழைய நிரலைத் திறந்து யூனிகோடு ஆதரவைச் சேர்த்தார். அதை உரியவருக்கு அனுப்பியபோது, இன்னும் சோதனைகள் எழுத வேண்டும் என்று குறிப்பிட்டார். கிட் கருவியை எவ்வளவு உதவி கிடைத்தும் சரியாகப் புரிந்துகொள்ள முடியவில்லை என்றும் எழுதினார்.